சேர்வருக்கு ஒருநாள் ஓய்வு

இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு தேயிலைக் கம்பனியின் கீழ் இருந்த ஆறு தோட்ட அலுவலகங்களிலும் இனி ஒரே வகையான சேர்வர்தான் ஓடவேண்டும், விண்டோஸா லினக்ஸா என்று இரண்டையும் ஒப்பிட்டு எழுதி அனுப்புங்கள் என்று எங்கள் கடைக்குக் கடிதம் வந்திருந்தது. கடை என்றால் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே, துணிக்கடை மாடியில் இருக்கிற கொம்பியூட்டர் கடை. முதலாளி முஸ்லிம் மனிதர். பஜாரில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான்.

"ரெண்டையும் வச்சு மேய்க்கிறது நீங்கதானே தம்பி. நீங்களே எழுதுங்க. தொரைமாருக்கு வெளங்குற மாதிரி எழுதுங்க, ஒங்களுக்கு வெளங்குற மாதிரி எழுதிப் போடாதீங்க" என்றார்.

மேய்க்கிறது என்று அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மூன்று தோட்டத்தில் விண்டோஸ், மூன்று தோட்டத்தில் லினக்ஸ். ஆறும் ஆறு மலையில். காலை ஏழரைக்கு முதல் அழைப்பு வரும். தலவாக்கலைக்குப் போனால் நோட்டன் பிரிட்ஜிலிருந்து கூப்பிடுவார்கள், நோட்டனில் இறங்கினால் பூண்டுலோயாவிலிருந்து கூப்பிடுவார்கள். பஸ்ஸில் உட்கார்ந்தபடி, மழைத்தண்ணீர் ஜன்னல் இடுக்கால் தோளில் வடிய, "அந்தப் பொத்தானை அமத்துங்க, இல்லைங்க, பக்கத்துல இருக்கிறது" என்று சொல்லிச் சொல்லியே பதினாறு வருசம் போய்விட்டது. எனக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. முதுகுக்கு அறுபது.

ஒப்பிட்டு எழுதுவது எனக்குப் பெரிய வேலையாகத் தோன்றவில்லை. இரண்டின் குணமும் எனக்குத் தெரியும். விண்டோஸ் சேர்வருக்கு வாய் ஓயாது. மாதம் ஒருமுறையாவது தன்னைப் புதுப்பிக்கச் சொல்லும், புதுப்பித்த கையோடு நிறுத்தித் தொடங்கச் சொல்லும். டிஸ்க்கில் இடம் குறைந்தால் திரையில் சிவப்புக் கோடு காட்டும். கிளாக்கர்மார் பயந்துபோய், "தம்பி, என்னமோ செவப்பா வந்துருக்குங்க" என்று கூப்பிடுவார்கள். அனுமதிக்குக் காசு கட்டவேண்டும், நல்ல பெட்டி வேண்டும், யாராவது பாட்டுப் போட்ட பென் டிரைவைக் கொண்டுவந்து செருகினால் வைரஸ் வந்து சேரும். ஆனால் கிளாக்கரின் மேசையில் இருக்கிற கொம்பியூட்டரும் அதுவும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி. நான் இல்லாவிட்டாலும் மவுஸைப் பிடித்து எதையாவது செய்து எழுப்பிவிடுவார்கள்.

லினக்ஸ் அப்படியல்ல. கறுப்புத் திரை, அதில் ஒரு சின்னக் கோடு மினுங்கும், அவ்வளவுதான். காசு கேட்காது. தோட்டத்தார் ஒதுக்கிப் போட்ட பழைய பெட்டியிலும் ஓடும். நிறுத்து, தொடங்கு என்று நச்சரிக்காது. வைரஸ் பயம் அநேகமாக இல்லை. எந்தத் தோட்டத்து லினக்ஸுக்குள்ளும் கடையில் இருந்தபடியே நுழைந்து வேலை பார்க்கலாம், ஒரு பஸ் மிச்சம். அலுத்துப்போன மனிதனுக்கு வாயில்லாத மெஷினைப் போல ஒரு வரம் கிடையாது. எனக்கு எது பிடிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. முதல் பக்கத்தை அரை மணியில் எழுதிவிட்டேன். லினக்ஸைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

அதற்கு உதாரணமாக நான் காட்டியது நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் சேர்வரை. பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிற தோட்டம். அங்கே லினக்ஸ் வைத்தது நான்தான். அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் அது நிற்காமல் எத்தனை நாளாக ஓடுகிறது என்று தட்டிப் பார்ப்பேன். அந்தக் கிழமை அறுநூற்றுச் சொச்சம் நாள் காட்டியது. பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் நெஞ்சு நிமிர்ந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சேர்வரில் இருந்தது கொழுந்து நிறுவையும் ஆள் வரவும். மலையில் தராசுக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை கையில் ஒரு சின்ன மெஷின் வைத்திருப்பார். யார் வந்தார், எத்தனை கிலோ எடுத்தார் என்று அதில் பதிந்து, மாலையில் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து சேர்வரில் இறக்குவார். ஒரு நாள் வேலைக்கு வந்தால் ஒரு பேர் விழும். முன்பு பெரிய புத்தகத்தில் கையால் எழுதினார்கள். சேர்வர் வந்த பிறகு, ஒரே வேலையை இரண்டு தடவை எதற்கு என்று அந்தப் புத்தகத்தை நிறுத்தச் சொன்னதும் நான்தான்.

அந்தப் பேர்களுக்குள் என் அக்காவின் பேரும் இருந்தது. அவள் கைக்காசுக்காரி, அதாவது நிரந்தரப் பதிவு இல்லாமல் அன்றாடம் கொழுந்து எடுக்கப் போகிறவள். கொழும்பில் பல வருசம் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு, அவள் கணவர் இறந்தபிறகு மகளைக் கூட்டிக்கொண்டு அம்மாவிடம் திரும்பி வந்திருந்தாள். அம்மா பதிவுத் தொழிலாளி. அந்த வருசம்தான் அம்மாவுக்கு ஓய்வு கொடுத்தார்கள். வீட்டில் ஒருவராவது பதிவில் இருந்தால்தான் லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசைவீட்டு அறை, நமக்கு என்பது அந்தத் தோட்டத்தை நடத்துகிற துரை வைத்த சட்டம். அம்மாவுக்குப் பதிலாக அக்காவின் பேரைப் பதியவேண்டும். பதிவதற்குத் தோட்டம் கேட்ட நாள்கணக்கை அவள் காட்டவேண்டும், அதுவும் தொடர்ச்சியாக. வருசக் கடைசிக்கு முன் ஒரு பட்டியல் கம்பனிக்குப் போகும். அதில் வந்தால் காம்பரா, வராவிட்டால் சாமான்களைக் கட்டவேண்டியதுதான். நான் ஹட்டனில் மனைவி பிள்ளைகளோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். மூன்று பேரைக் கொண்டுவந்து வைக்க அங்கே இடம் கிடையாது.

அக்கா அந்த நாள்களைச் சேர்த்த விதம் எனக்குத் தெரியும். ஆடியில் மழை விடாமல் ஊற்றியபோது, பதிவில் இருந்தவர்களே வீட்டில் படுத்துக்கொண்ட நாள்களில், இவள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலை ஏறினாள். காய்ச்சலோடு போனாள். மகள் பெரியமனுசியான மூன்றாம் நாளே போனாள். ஞாயிற்றுக்கிழமை நான் போனால் கேட்கிற ஒரே கேள்வி, "எம் பேரெல்லாம் ஒழுங்கா விழுந்துருக்காடா?" என்பதுதான். "விழுந்துருக்கு, பயப்படாத" என்பேன். அதற்கு மேல் நான் பார்த்ததில்லை. ஓடிக்கொண்டிருந்தது, அதனால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஆயுத பூசை வந்தது.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஆயுத பூசை பெரிய காரியம். தொழிற்சாலையில் அரைக்கிற மெஷின்களை நிறுத்திக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவார்கள். லொறிக்குப் பூசை, தராசுக்குப் பூசை, கவ்வாத்துக் கத்திகளை அடுக்கிவைத்துப் பூசை. அன்றைக்கு ஒரு மெஷினும் ஓடக்கூடாது. வருசம் முழுக்க உழைத்தது ஒருநாள் ஆறட்டும் என்பது கணக்கு. முந்திய வருசங்களில் நான் முதல்நாளே போய், பொட்டு வையுங்கள், மாலை போடுங்கள், தேங்காய்கூட உடையுங்கள், ஆனால் சேர்வரை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுவிட்டு வருவேன். அந்த வருசம் என்னால் போக முடியவில்லை. நோட்டன் பிரிட்ஜில் மின்னல் அடித்து ஒரு அலுவலகத்தின் வயரிங் முழுவதும் கருகிவிட்டது, இரண்டு நாளாக அங்கே கிடந்தேன்.

பூசைக்கு மறுநாள் காலையில் பெரிய கிளாக்கர் கூப்பிட்டார்.

"தம்பி, ஒங்க மெஷின் எந்திரிக்க மாட்டேங்குது."

"ஏன், எப்ப படுத்துச்சு?"

பக்கத்தில் யாரையோ கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு, "நேத்து பூசைங்களே" என்றார்.

நிறுத்தியது அலுவலகப் பியோன். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, எறும்புக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். மத்தியானம் பூசை முடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். இவர் மட்டும் திரும்பி வந்து, மினுங்கிக்கொண்டிருந்த வெளிச்சம் அணையும்வரை சேர்வரின் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறார். நான் மூன்று பஸ் மாறி மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தபோது கதவோரத்தில் நின்றார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. எல்லா மெஷினுக்கும் லீவுங்க. லொறிக்குக்கூட லீவு. இது மட்டும் ராப்பகலா கண்ண மூடாம கெடக்குது. பாவமா இருந்துச்சுங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். அறுநூறு நாளில் அந்த மெஷினைப் பார்த்துப் பாவம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்றுதான் தோன்றியது. என்னைப் பார்த்து அப்படி யாரும் சொன்னதில்லை.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு டிஸ்க்குகள். முதலாவது நிரம்பியபோது பழையது ஒன்றைத் தேடிப்பிடித்து இரண்டாவதாகப் போட்டிருந்தேன். வரவுப் பதிவுகள் எல்லாம் அந்த இரண்டாவதில்தான். ஓடிக்கொண்டிருந்தவரைக்கும் சூடாக இருந்து ஓடியது. ஒருநாள் நிறுத்தி, அந்தக் குளிரில் ஒரு இரவு கிடந்ததும் இறுகிவிட்டது. காதை வைத்துக் கேட்டேன். டிக், டிக் என்று இரண்டு தடவை முயன்றுவிட்டு அடங்கியது. கழற்றி ஜேர்சிக்குள் போட்டு வயிற்றோடு அணைத்து அரை மணிநேரம் வைத்திருந்தேன். திரும்பப் போட்டேன். டிக், டிக். அதற்குப் பிறகு கொழும்புக்கு அனுப்பினேன். அங்கே திறந்து பார்த்து, எடுக்க வழியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

டிஸ்க் செத்தது பெரிய விசயமில்லை, டிஸ்க் சாகும். அதற்குத்தான் தினமும் தானாக ஒரு நகல் எடுக்கிற மாதிரி வெளியே இன்னொரு டிஸ்க் வைத்திருந்தேன். அதைத் திறந்தேன். கடைசி நகல் ஆடி மாதக் கடைசியில் நின்றிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, நகல் டிஸ்க் நிரம்பிவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்தக் கடிதங்கள் ஞாபகம் வந்தன. லினக்ஸ் ஊமை என்று நான் சொன்னது தப்பு. ஏதாவது தவறினால் அதுவும் சொல்லும். கிளாக்கர் முகத்துக்கு நேரே சொல்லாது. பொறுப்பான ஆளுக்கு ஒரு கடிதம் எழுதித் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், அந்த ஆள் வந்து திறந்து படிக்கவேண்டும். முதல் டிஸ்க்கில் அந்தக் கடிதப் பெட்டி பத்திரமாக இருந்தது. நாளுக்கு ஒன்றாக எழுபத்திரண்டு கடிதங்கள். எல்லாவற்றிலும் ஒரே வரி, இடமில்லை, நகல் எடுக்க முடியவில்லை. ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று நிறையப் பேர் கேட்டார்கள், கம்பனிக்காரர், நானா, என் மனைவி. அலுப்பு. வேறு காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. சத்தம் போடுகிறவர்களுக்கு ஓடி ஓடி, சத்தம் போடாததைப் பார்க்காமல் விட்டேன்.

கணக்கப்பிள்ளையின் கைமெஷினில் கடைசி ஏழு நாள், ஒரு கிழமைப் பதிவு, மிச்சம் இருந்தது. அதை எடுத்துவிட்டேன். நடுவில் ஒன்பது கிழமை போய்விட்டது.

பதிவுத் தொழிலாளர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாதச் சம்பளப் பட்டியல் அச்சடித்து ஃபைலில் இருந்தது, அதை வைத்துத் திரும்ப ஏற்றினோம். மாட்டிக்கொண்டவர்கள் கைக்காசுக்காரர்கள், அக்காவோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். அவர்களுக்குப் பட்டியல் கிடையாது. கிழமைக் கடைசியில் வேலை வாங்குகிற கங்காணி கையில் கூலியை மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள், அதில் பேரும் இருக்காது நாளும் இருக்காது. இதில் இன்னொரு கூத்து என்னவென்றால், பதிவு இல்லாத நாளை அந்தப் புரோகிராம் வெறுமையாக விடாது. வரவில்லை என்று தானாகவே போட்டுக்கொள்ளும். அப்படி அமைக்கச் சொன்னது கம்பனி, அமைத்தது நான். நகலைத் திரும்ப ஏற்றியதும் ஒன்பது கிழமையும் வரவில்லை, வரவில்லை, வரவில்லை என்று வரிசையாக இறங்கியது. அக்காவின் பேருக்கு நேரேயும் அதுதான்.

துரை நல்லவர்தான். பட்டியல் போக இரண்டு கிழமை இருக்கிறது, வேறு ஏதாவது அத்தாட்சி இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளை அறிவித்தார். தராசில் நிறுக்கும்போது மெஷின் ஒரு துண்டுச் சீட்டுக் கக்கும், தேதி, பேர், கிலோ எல்லாம் அதில் இருக்கும். அந்தச் சீட்டுகளை வைத்திருப்பவர்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவரவேண்டும்.

நான் லீவு போட்டுவிட்டு அலுவலகத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்தேன். வந்த சீட்டுகளைப் பார்த்துப் பதிவது என் வேலை. யார் வைத்திருப்பார்கள் அதையெல்லாம்? ஒருத்தி பொலித்தீன் பையில் கொண்டுவந்தாள், மழையில் ஊறிக் கூழாகியிருந்தது. ஒருத்தியிடம் ஏழு சீட்டு, பின்புறத்தில் போன் நம்பர் எழுதியதால் தப்பியவை. மூன்று பேர் மட்டும் வெள்ளையும் எழுத்துமாக ஓரளவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடையதை ஏற்றினேன். மற்றவர்கள் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி, "எங்கள மலையில பாத்தவங்கதானே கணக்கப்பிள்ள ஐயா, அவுங்க வாயால சொன்னாப் போதாதுங்களா?" என்று கேட்டாள். கணக்கப்பிள்ளை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வாயால் சொல்ல அவர் தயார், கையெழுத்துப் போடத் தயாரில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அக்கா வரும்போது மாலை நிறுவை முடிந்திருந்தது. தலையில் துண்டு, கையில் பிஸ்கட் தகரம். முகத்தில் ஒரு சிரிப்பு. அந்த ஒன்பது கிழமைச் சேதி தெரிந்ததிலிருந்து அவள் ஒரு நாளும் பதறவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னமோ எல்லாரும் பயந்து சாகுறாங்க. நான் ஒன்னுகூடக் கீழ போடல. முதல் நாள்ல இருந்து எல்லாம் இருக்கு. எண்ணிப் பாரு" என்று தகரத்தை என் முன்னால் வைத்தாள்.

மூடியைத் திறந்தேன். சீட்டுகளை மாதம் மாதமாகப் பிரித்து ரப்பர் பட்டி போட்டு அடுக்கியிருந்தாள். எல்லாம் கறுப்பு. நுனியிலிருந்து நுனிவரை அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பு. ஒரு எழுத்துத் தெரியவில்லை.

அவள் அதை எங்கே வைத்திருந்தாள் என்று கேட்க எனக்கு அவசியமே இல்லை. எங்கள் காம்பராக்களில் எதைக் கீழே வைத்தாலும் ஒரே மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பிறப்பு அத்தாட்சி, அடையாள அட்டை, அம்மாவின் தோடு, எது முக்கியமோ அது அடுப்புக்கு மேலே பலகையில்தான் இருக்கும். சூட்டில் ஈரம் அண்டாது. அக்காவுக்கு இந்தச் சீட்டைவிட முக்கியமானது ஒன்றும் இருக்கவில்லை, அதனால் நெருப்புக்கு நேர் மேலே வைத்திருந்தாள். ஆனால் அது மையால் அச்சாகிற சீட்டு அல்ல, சூட்டால் அச்சாகிற சீட்டு. சூடு பட்டால் முழுவதும் கறுத்துப்போகும். அந்தத் தராசு மெஷினுக்குக் காகிதச் சுருள் மாற்றுகிறவன் நான். இது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் சோறு தின்றேன். அந்தத் தகரத்தையும் பார்த்தேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

"என்னடா? எழுத்து தெரியலயா? லைட்டுக்குக் கிட்டப் புடிச்சுப் பாரு" என்றாள்.

பிடித்துப் பார்த்தேன், அவளுக்காகத்தான். பெரிய கிளாக்கரும் இரண்டை எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். திருப்பிக் கொண்டுவந்து தகரத்துக்குள் மெதுவாக வைத்தார். "துரைக்கிட்டப் பேசிப் பாப்போம்மா" என்றார். அவருக்கும் எனக்கும் பதில் தெரியும்.

அவள் போனபிறகு கிளாக்கர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்த மெஷினுக்குள்ள ஒங்களுக்கு எல்லாம் முடியும்தானே. அவுங்க வந்தாங்கங்கிறது எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். நீங்க நெனச்சா…"

முடியும். ஐந்து நிமிட வேலை. விண்டோஸ் என்றாலும் லினக்ஸ் என்றாலும் பொறுப்பாளரின் கடவுச்சொல் கையில் இருந்தால் எல்லாம் முடியும், இரண்டுக்கும் அதில் வித்தியாசமே இல்லை. அவள் வந்தது பொய்யும் இல்லை. நான் அரை மணிநேரம் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கூழான சீட்டோடு வந்தவள் கண்ணுக்குள் நின்றாள். அவளும் வந்தாள்தான். மற்ற எட்டுப் பேரில் யார் எந்த நாள் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்குப் போட முடியாது. அக்காவுக்கு மட்டும் போட்டால், பட்டியல் ஒட்டுகிற அன்றைக்கே லயம் முழுக்கத் தெரிந்துவிடும். நேர்மை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால் நான் பயந்தேன். திரையை மூடிவிட்டு எழுந்தேன். இதை அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பட்டியல் அவள் பேர் இல்லாமல் போனது.

நானாவின் இரண்டு பக்கம் பாதியில் நின்றது. எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். ஆறு தோட்டத்துக்கும் விண்டோஸ் போடுங்கள் என்றேன். அது திறமையில் மேல் என்று எழுதவில்லை, அது பொய். மாதத்துக்கொரு தடவை நின்று தொடங்குகிற மெஷின் திரும்ப எழும்புமா என்பது மாதத்துக்கொரு தடவை தெரிந்துவிடும். அறுநூறு நாள் நிற்காத மெஷின் எழும்புமா என்பது நிறுத்துகிற அன்றைக்குத்தான் தெரியும். கிளாக்கர் முன்னால் கத்துகிற மெஷினை யாராவது ஒருவர் கவனிப்பார். ஒரே ஆளிடம் மட்டும் சொல்கிற மெஷினுக்கு அந்த ஆள் சரியாக இருக்கவேண்டும். நல்ல ஆள்கள் நாலு பேரை வைத்துப் பார்க்க முடியுமானால் லினக்ஸ் போடுங்கள், என்னை மட்டும் வைத்துக்கொண்டு போடாதீர்கள் என்று முடித்தேன். சேர்வர் எதுவானாலும் வரவுப் புத்தகத்தைத் திரும்பக் கையால் எழுதுங்கள் என்று அடியில் ஒரு வரி சேர்த்தேன்.

நானா மூக்குக்கண்ணாடியை இறக்கி வாசித்தார்.

"தம்பி, இத அனுப்பினா ஒங்களுக்கு இனி அந்தத் தோட்டங்கள்ல என்ன வேலை?"

"குறையும் நானா."

"அது சரி" என்று ஒரு எழுத்தையும் மாற்றாமல் அனுப்பினார். பிறகு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டுவதற்கு முன் நானே போய்ச் சொல்லிவிடவேண்டும் என்று அந்த ஞாயிறு லயத்துக்குப் போனேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அக்கா வாசலில் உட்கார்ந்து மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளை உள்ளே அனுப்பிவிட்டு நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பேர் வரவில்லை என்பதை, அடுத்த பட்டியல் அடுத்த வருசம்தான் என்பதை, காம்பராவுக்குத் துரை மூன்று மாதம் தவணை தந்திருப்பதை, கடிதம் படிக்காமல் விட்டது நான் என்பதை. அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். சீப்பில் சிக்கிய முடியை இழுத்து இழுத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒம்பது கெழமையும் சும்மா வெறுமையா கெடக்குதா?"

"இல்லக்கா."

"பின்ன என்னா போட்டுருக்கு?"

"வேலைக்கு வரலன்னு போட்டுருக்கு."

"தெனமுமா?"

"தெனமும்."

மலையைப் பார்த்தாள். ஆடி மழையில் அவள் ஏறி இறங்கிய மலை எங்கள் வாசலுக்கு நேர் எதிரேதான். பிறகு என்னைப் பார்த்து, நிசமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலக் கேட்டாள்.

"எங்கடா போயிருந்தேனாம்?"